மகளை ஸ்கீக்கு ஆயத்தப்படுத்தியது

மகள் எட்டாம் வகுப்புப் படித்த வருஷம், தை மாதக் கடைசியில், பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிள்ளைகளை ஒரு நாள் ஸ்கீக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்களாம். காலையில் பஸ் வெளிக்கிட்டு வடக்கே இரண்டு மணித்தியாலம் போகுமாம். பின்னேரம் திரும்பிவிடுமாம். உங்கள் பிள்ளையை நன்றாக ஆயத்தப்படுத்தி அனுப்பவும் என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியை எழுதிய மனிதருக்கு எங்களைத் தெரியாது. ஆயத்தப்படுத்துவதில் எங்களை வெல்ல நாங்கள் குடியிருக்கிற சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் எந்த மாடியிலும் ஆள் கிடையாது. மகளுக்குச் சாதாரணக் கணக்குச் சோதனை என்றாலே ஆறு பென்சில் சீவி, திருநீறு பூசி, ஒரு போத்தல் சுடுதண்ணீரோடு அனுப்புகிற ஆட்கள் நாங்கள்.

ஒரேயொரு சின்ன இடைஞ்சல்தான் இருந்தது. ஆயத்தப்படுத்தப்பட வேண்டியவள் ஆறு குளிர்காலமாக ஸ்கீக்குப் போய் வருகிறவள். ஆயத்தப்படுத்த வேண்டிய நாங்கள் இருவரும், பனிமலையில் இறங்கக் காலில் பூட்டுகிற அந்த ஸ்கீப் பலகையைக் கையால் தொட்டதுகூட இல்லை. இதையெல்லாம் ஒரு இடைஞ்சலாக எடுத்தால் பெற்றோராக இருக்க முடியாது.

அவள் எப்படிப் பழகினாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கனடாவுக்கு வந்த முதல் வருஷம் விட்பியில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறைகளில் குடியிருந்தோம். மகளுக்கு அப்போது ஏழு வயது. மேலே இருந்த வீட்டுக்கார அம்மையார் ஓய்வுபெற்ற ரீச்சர். குளிர்காலச் சனிக்கிழமைகளில் ஒஷாவாவுக்கு வடக்கே உள்ள ஒரு குன்றில் சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கீ பழக்குவார். யன்னலடியில் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்ற எங்கள் பிள்ளையைக் கண்டு, "இவளையும் கொண்டுபோகட்டுமா?" என்று ஒரு நாள் கேட்டார். ஏதோ மணல் வீடு கட்டுவதுபோலப் பனியில் விளையாடவிட்டுக் கொண்டுவருவார் என்று நினைத்து நாங்களும் தலையாட்டினோம். அடுத்த வருஷம் வேலைக்காக நகரத்துக்குள் வந்துவிட்டோம். ஆனாலும் சனிக்கிழமைப் பழக்கம் விடவில்லை. கணவர் ரெயினும் பஸ்ஸுமாகக் கொண்டுபோய் அந்த அம்மையாரிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் வேலைக்கு ஓடுவார். பின்னேரம் அம்மையாரின் கணவர் காரில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

அந்த அம்மையார் ஒவ்வொரு வருஷமும் குன்றுக்கு வந்து மகளைப் பார்க்கச் சொல்லி என்னைக் கேட்பார். நான் ஒவ்வொரு வருஷமும் சிரிப்பேன். குளிரில் நின்று பார்ப்பதற்கு அது என்ன தேர்த் திருவிழாவா? சனிக்கிழமை என்றால் எனக்குச் சந்தை இருக்கிறது, உடுப்புத் தோய்க்க இருக்கிறது. பிள்ளை போன மாதிரியே கை கால் முழுசாகத் திரும்பி வருகிறாள், அது போதும் என்று இருந்துவிட்டேன்.

கடிதத்தோடு ஒரு படிவமும் வந்திருந்தது. கணவர் அதை எடுத்துக்கொண்டு எதிர்க்கதவு அண்ணையிடம் போனார். எங்கள் மாடியில் எந்தப் படிவம் வந்தாலும் அண்ணை பார்க்காமல் திரும்பிப் போகாது. அண்ணைக்கு டோனற் கடையில் விடியற்காலை வேலை. மிச்ச நேரமெல்லாம் ரீவி பார்ப்பதால் உலகத்தில் அவருக்குத் தெரியாத துறை கிடையாது. படிவத்தைத் தூக்கிப் பிடித்து வாசித்துக்கொண்டே எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

"தங்கச்சி, இதில மூண்டு பெட்டி கிடக்கு. ஒண்டு, ஒருநாளும் செய்யாத ஆக்கள். மற்றது, கொஞ்சம் தெரிஞ்ச ஆக்கள். மூண்டாவது, நல்லாத் தெரிஞ்ச ஆக்கள். எதைப் போடப்போறியள்?"

"அவள் ஆறு வருஷமாப் போறாள்தானே அண்ணை. மூண்டாவதைத்தான் போடவேணும்" என்றேன்.

அண்ணை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மூண்டாவதைப் போட்டா என்ன செய்வினம் தெரியுமோ? நேர கொண்டுபோய் உச்சியில விட்டிடுவினம். நான் ரீவியில பாத்தனான். மரத்துக்குள்ளாலை எல்லாம் வாறாங்கள். என்னோட வேலை செய்யிற பெடியன்ரை சிநேகிதன் ஒருத்தன் மரத்தோட மோதி மூண்டு மாசம் காலைத் தூக்கிக் கட்டினபடி கிடந்தவன். பேசாமல் முதல் பெட்டியைப் போடுங்கோ. பிள்ளை அடிவாரத்தில பத்திரமா நிப்பாள்."

கணவர் என்னைப் பார்த்தார். நான் கணவரைப் பார்த்தேன். மரத்தில் மோதிய பெடியனை எங்கள் இருவருக்கும் தெரியாது. ஆனாலும் ஆறு வருஷமாகக் கண்முன்னே போய் வருகிற மகளைவிட அவன்மேல்தான் எங்களுக்கு நம்பிக்கை வந்தது. நானே பேனையை எடுத்து முதல் பெட்டியில் அழகாக ஒரு சரி போட்டேன். அடுத்த கேள்வி, பிள்ளையிடம் சொந்த ஸ்கீ இருக்கிறதா என்பது. பொய் சொல்லக்கூடாது என்பதால் அதற்கு ஆம் என்று போட்டேன். ஒருநாளும் ஸ்கீக்குப் போகாத, ஆனால் சொந்தமாக ஸ்கீயும் சப்பாத்தும் தடியும் வைத்திருக்கிற ஒரு பிள்ளை. கையெழுத்து வைத்து உறையை ஒட்டி மகளிடமே கொடுத்தனுப்பினேன்.

அதோடு விட்டேனா? பிள்ளைகளோடு துணைக்கு வர இரண்டு பெற்றோர் தேவை என்றும் கடிதத்தில் இருந்தது. நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என் பெயரைக் கொடுத்தேன். மகள் அன்று பின்னேரம் புத்தகப்பையை எறிந்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, ஏன்? நீங்க அங்கை வந்து என்ன செய்யப்போறீங்கள்?"

"உன்னைப் பாக்க."

"இவ்வளவு நாளும் பாக்கேல்லை. இப்ப மட்டும் ஏன்?" பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓகே. வாங்கோ. ஆனா அங்கை எல்லாருக்கும் முன்னால என்னைக் கூப்பிடாதேங்கோ. பிளீஸ்" என்றாள்.

ஸ்கீயும் சாமான்களும் விட்பி அம்மையாரின் கராஜில்தான் வழமையாக இருக்கும். பயணத்துக்கு முந்திய சனிக்கிழமை கணவர் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய நெற்றி உயரத்துக்கு இரண்டு பலகைகளைத் தோளில் வைத்துக்கொண்டு சப்வேயில் வந்த கதையை அவர் ஒரு கிழமை சொன்னார். லிஃப்ற்றுக்குள் ஏற்றும்போது அதிலே நின்ற ஒரு மனுசி, இது எந்த வாத்தியம் என்று கேட்டாவாம்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் வேலையால் வந்து கதவைத் திறக்க வீடெல்லாம் மாதா கோயில் மாதிரி மெழுகு மணம். சாப்பாட்டு மேசையின் இரண்டு கதிரைகளுக்குக் குறுக்கே ஸ்கீயைக் குப்புறப் போட்டு, என் ஸ்திரிப்பெட்டியின் அடியில் ஒரு மெழுகுக் கட்டியைப் பிடித்து, சொட்டுச் சொட்டாக வடியவிட்டு, சேலை தேய்ப்பதுபோல் தேய்த்துக்கொண்டிருந்தாள் மகள். பக்கத்தில் ஒரு அரம் கிடந்தது. ஸ்கீயின் இரண்டு பக்கத்திலும் இரும்பு விளிம்பு உண்டாம், அதைக் கூராக்கினால்தான் உறைபனியில் பிடிக்குமாம், அந்த வேலை முதலே முடிந்துவிட்டதாம்.

"கத்தி மாதிரிக் கூராக்கி வைச்சிருக்கிறாய். விழுந்தா வெட்டாதே?"

"கூரா இல்லாட்டித்தான் அம்மா விழுறது."

எனக்கு விளங்கவில்லை. விளங்காத இடத்தில் கத்துவது என் வழக்கம். என் ஸ்திரிப்பெட்டி, என் கதிரை, என் கார்ப்பெற் என்று கத்தினேன். அவள் அமைதியாக ஒரு பிளாஸ்ரிக் துண்டால் காய்ந்த மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, விரலால் தடவிப் பார்த்து, ஒரு கண்ணை மூடி அந்தப் பலகையின் நீளத்துக்கும் பார்வையை ஓட்டினாள். தச்சு வேலைக்காரர் பார்ப்பதுபோல. பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் சாமானை அவ்வளவு கருத்தாகப் பார்ப்பதைப் பார்த்து ஒரு தாய் என்ன நினைக்கவேண்டும்? நான் நினைத்தது ஸ்திரிப்பெட்டியைப் பற்றி. அடுத்த நாள் கணவர் தன் செக்கியூரிற்றி வேலைச் சேட்டை அதே பெட்டியால் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். முதுகு நீளத்துக்கு மெழுகு வரி விழுந்திருந்தது. பதினொரு மணித்தியாலம் அதோடு ஒரு வங்கி வாசலைக் காத்துவிட்டு வந்தார். ஒருவரும் சொல்லவில்லையாம்.

வியாழக்கிழமை நான் என் பங்குக்கு உடுப்புகளை எடுத்துவைத்தேன். அடுக்கடுக்காக உடுத்தவும் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். எத்தனை அடுக்கு என்று எழுதவில்லை. அது அவர்களுடைய பிழை. இரண்டு பைஜாமாக் காற்சட்டை, ஒரு பள்ளிக்கூடக் காற்சட்டை, அதன்மேல் பனிக்காற்சட்டை. மூன்று சுவெற்றர், அதில் ஒன்று கணவருடையது. மூன்று சோடி சொக்ஸ். தலைக்கு ஒரு மவ்ளர், மவ்ளருக்கு மேல் தொப்பி, தொப்பிக்கு மேல் ஜக்கெற்றின் மூடி.

மகள் கட்டிலில் அடுக்கியிருந்ததைப் பார்த்து, "அம்மா, எனக்கு முழங்கால் மடிக்கவேணும்" என்றாள்.

பிறகு தன்னுடையதை எடுத்து வைத்தாள். உடம்போடு ஒட்டுகிற மெல்லிய ஒன்று, கம்பளிமாதிரி ஒன்று, மேலே ஜக்கெற். பனி கண்ணில் அடிக்காமல் போடுகிற பெரிய கண்ணாடி. ஒரேயொரு சோடி சொக்ஸ், அதுவும் மெல்லியது.

"ஒரு சோடியோ? கால் விறைச்சுப்போகும் பிள்ளை!"

"ரெண்டு போட்டா சப்பாத்து இறுக்கும். ரத்தம் ஓடாது. அப்பத்தான் விறைக்கும். எனக்குத் தெரியும் அம்மா."

எனக்குத் தெரியும் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதற்கு எங்கள் அகராதியில் ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து மிச்சம் இரண்டு சோடியையும், ஒரு சுவெற்றரையும், அடிபட்டால் பூசுகிற நோ எண்ணெய்ப் போத்தலையும் அவளுடைய பையின் அடியில் செருகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறினோம். நான் முன் சீற்றில், விளையாட்டு வாத்தியாருக்குப் பக்கத்தில். வாத்தியார் உயரமான, சிரித்த முகமான மனிதர். கையில் பெயர்ப் பட்டியல். மகள் கடைசி வரிசையில், என்னை முன்பின் தெரியாதவள்போல யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஐம்பது ஆட்டிறைச்சி றோல்ஸ் சுட்டுக் கொண்டுபோயிருந்தேன். வாத்தியார் மட்டும் ஐந்து சாப்பிட்டார். உங்கள் மகளிடம் அருமையான சாமான்கள் இருக்கின்றன என்று பாராட்டினார். முதல்நாளே இவ்வளவும் வாங்கிக் கொடுக்கிற பெற்றோரைத் தான் கண்டதில்லை என்றார். நான் நன்றி சொன்னேன்.

இறங்கிய இடத்தில் ஒரு பெரிய மரக் கட்டடம். அதன் ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே மலை. எனக்கு அது மலையாகத்தான் தெரிந்தது. சுவிஸிலிருந்து வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பின்னொரு நாள் மகள் சொன்னாள். யாழ்ப்பாணத்தில் பாலத்தில் ஏறுவதுதான் மலையேற்றம். நான் ஒரு கோப்பை சூடான சொக்கலேற்றை வாங்கிக்கொண்டு கண்ணாடிக்குக் கிட்ட இடம்பிடித்தேன்.

பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பிரித்தார்கள். கொஞ்சப் பேர், கம்பியில் தொங்கி உச்சிக்கு ஏறுகிற கதிரை லிஃப்ற் பக்கம் போனார்கள். மிச்சப் பேரை என் கண்ணாடிக்கு நேர் முன்னால், வீட்டு முற்றம் அளவுக்குச் சரிவான ஒரு இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். இருபது பேர். கால்கள் பின்னி, ஒருவர்மேல் ஒருவர் சரிந்து, கத்திக்கொண்டு. நடுவில் என் மகள், தடி இரண்டையும் ஊன்றிக்கொண்டு நேராக நின்றாள். வாத்தியாரிடம் ஏதோ சொன்னாள். அவர் பட்டியலைப் பார்த்தார், தலையை ஆட்டினார், அவளுடைய தோளில் தட்டிவிட்டுப் போனார். சிவப்பு ஜக்கெற் போட்ட பயிற்சியாளர் ஒரு பெண் வந்து பாடத்தைத் தொடங்கினாள். முதல் பாடம், எப்படி விழுவது. இருபது பேரும் விழுந்து காட்டவேண்டும். என் மகளும் தன் முறை வந்ததும் பக்கவாட்டில் விழுந்தாள். எழும்பினாள். பயிற்சியாளர் கை தட்டினாள்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. பிள்ளை தரையோடு தரையாக, என் கண்ணுக்கு எட்டிய தூரத்தில். அண்ணைக்கு மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டு இரண்டாவது சொக்கலேற்றும் குடித்தேன்.

இரண்டு மணித்தியாலம் அப்படியே போனது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருபது அடி ஏறுவார்கள், பன்றிக்குட்டிக் கூட்டம்போலக் கும்பலாக இறங்குவார்கள். மற்றப் பிள்ளைகள் விழுந்து சிரித்துக் கத்தினார்கள். மகள் சிரிக்கவுமில்லை, கத்தவுமில்லை. ஒவ்வொரு முறையும் மேலே ஏறியதும் திரும்பி உச்சியைப் பார்த்தாள். பிறகு இறங்கினாள். அதை ஐந்தாறு முறை பார்த்தபின் நான் கோப்பையை மிச்சத்தோடு தள்ளி வைத்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு உள்ளே வந்தவள் நேரே என் மேசைக்கு வந்தாள். எல்லாருக்கும் முன்னால்.

"அம்மா, அந்தப் பேப்பரில நீங்கதான் போட்டனீங்களோ?"

"எந்தப் பேப்பர்?"

"நான் ஒருநாளும் ஸ்கீக்குப் போகேல்லை எண்டு."

"ஓம் பிள்ளை. அண்ணை சொன்னவர், மேல ஏத்திப்போட்டா மரத்தில..." எனக்கே அந்த வசனத்தை முடிக்க வெட்கமாக இருந்தது.

"நான் சேரிட்டைச் சொன்னனான். அம்மா சைன் பண்ணியிருக்கிறா, அதை மீற ஏலாது எண்டு சொல்லிப்போட்டார்." அவள் அழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். "உங்களுக்குத் தெரியாது, அம்மா. நீங்க ஒருநாளும் வந்து பாக்கேல்லைத்தானே."

சண்டை பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன். அதில் எனக்குப் பயிற்சி போதுமானது. அவள் போய்த் தன் சிநேகிதிகளோடு இருந்து, பாணைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடாமல் வைத்தாள்.

நான் எழும்பி வாத்தியாரைத் தேடிப் போனேன். என் ஆங்கிலம் கடைக்கும் வேலைக்கும் போதும். சொன்ன பொய்யை ஒப்புக்கொள்ள அது போதாது. வேலை செய்கிற இடத்தில் அந்தப் பாடத்தை ஒருவரும் கற்றுத்தரவில்லை.

"சேர், படிவம் பிழை. மகள் பிகினர் இல்லை" என்றேன். அவர் விளங்காமல் பார்த்தார். நான் என் நெஞ்சில் கை வைத்து, "நான் பிகினர்" என்றேன்.

அவருக்கு அது விளங்கியது. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்கும் விளங்கியது. சிவப்பு ஜக்கெற் பெண்ணைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவள், தான் காலையிலேயே சந்தேகப்பட்டதாகச் சொன்னாள். விழச் சொன்னால் இவ்வளவு ஒழுங்காக விழுகிற பிள்ளை புதிசாக இருக்க முடியாதாம். தன்னோடு ஒருதரம் உச்சிக்கு வந்து இறங்கிக் காட்டட்டும், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாள்.

அதைக் கேட்டதும் மகள் பாணை விட்டுவிட்டு எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது.

நான் ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு வெளியே போய் நின்றேன். கதிரை லிஃப்ற்றில் இரண்டு பேரும் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏறினார்கள். சின்னதாகிச் சின்னதாகி உச்சியில் இரண்டு புள்ளியானார்கள். ஒரு புள்ளி அசைந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வத்தையும் முறைவைத்துக் கூப்பிட்டேன். நான் மூன்றாவது தெய்வத்துக்கு வருவதற்குள் பக்கத்தில் சர்ரென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தேன். மகள் கீழே நின்றாள். பின்னால் வந்து நின்ற சிவப்பு ஜக்கெற் பெண் பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள். ஆறு வருஷம் பார்க்காததைப் பார்க்க வந்து, அதையும் பார்க்காமல் விட்டேன்.

"பாத்தனீங்களோ?" என்று கேட்டாள். மூச்சுக்கூட வாங்கவில்லை.

பொய் ஒன்று வாய்வரை வந்தது. இந்தப் பயணத்துக்கு ஒரு பொய் போதும் என்று நினைத்தேன். "இல்லையடி பிள்ளை. கண்ணை மூடிப்போட்டன்."

அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு முதல்தரமாக அன்றைக்குச் சிரித்தாள். "ஓ மை காட், அம்மா. அதிலயே நில்லுங்கோ. திரும்பிப் போட்டு வாறன். கண்ணைத் திறந்துகொண்டு நில்லுங்கோ."

இந்த முறை திறந்துகொண்டு நின்றேன். உச்சியிலிருந்து மகளின் நீல ஜக்கெற் புறப்பட்டது. விழுகிற மாதிரித்தான் இருந்தது, ஆனால் விழவில்லை. ஒரு பக்கம் சரிந்து, பனி ஒரு விசிறிபோல எழும்பி அடங்கு முன் மறுபக்கம் சரிந்து, அவசரமே இல்லாமல், அவ்வளவு வேகமாக வந்தாள். சரிவின் நடுவில் யாரோ ஒரு பெரிய மனிதர் விழுந்து கிடந்தார். அவரைச் சுற்றிக்கொண்டு வளைந்து போனாள். போகிற போக்கில் குனிந்து அவருடைய தடியை எடுத்து அவருக்குக் கிட்டக் குத்திவிட்டு வந்தாள். இந்தப் பிள்ளைக்கா நான் நோ எண்ணெய் கட்டினேன் என்று நினைத்தேன். என் வீட்டில் சோறு தின்கிற, குசினிக்கு வந்தால் கோப்பை உடைக்கிற பிள்ளைதானா இது என்றும் நினைத்தேன்.

எனக்கு முன்னால் வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்திருந்தது எனக்கு. குளிர்தான் என்று வைத்துக்கொள்ளலாம். நல்லா வந்தாய் மகள் என்று சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"குளிருதே?" என்று கேட்டேன்.

"இல்லை அம்மா" என்றாள். அவளுக்கு என் பாஷை தெரியும் என்று நினைக்கிறேன். கையுறையோடு என் கன்னத்தில் ஒருதரம் தட்டிவிட்டு, சிவப்பு ஜக்கெற் பெண்ணோடு லிஃப்ற்றுக்குப் போய்விட்டாள். மிச்ச நேரம் முழுவதும் நான் வெளியிலேயே நின்றேன். எத்தனை முறை இறங்கினாள் என்று எண்ணவில்லை. எண்ணினால் ஒரு முறை தவறிவிடும் என்று பயமாக இருந்தது.

பஸ் திரும்பிப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. கணவர் வந்து காத்துக்கொண்டு நின்றார். மகள் சிநேகிதிகளோடு சாமான்களை இறக்கிக்கொண்டிருக்க, அவர் என்னிடம் ஓடிவந்தார்.

"எப்பிடி? பிள்ளை என்ன செய்தவள்?"

நான் சொல்லத் தொடங்கினேன். அப்போதுதான் தெரிந்தது, ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் அவள் ஸ்கீக்குப் போகிறாள், ஸ்கீயால் வருகிறாள். நடுவில் என்ன செய்கிறாள் என்பதற்கு ஒரு சொல்லும் நாங்கள் வைத்திருக்கவில்லை.

"உச்சியில இருந்து அப்பிடியே சறுக்கிக்கொண்டு..." என்றேன்.

கணவருக்கு முகம் வெளிறிவிட்டது. "என்னப்பா சொல்லுறீர்? சறுக்கினவளோ? எங்கை அடிபட்டது?"

"ஐயோ, அந்தச் சறுக்கு இல்லையப்பா. அவள்..." கையை ஒரு பக்கம் சரித்தேன், மறுபக்கம் சரித்தேன். பக்கத்தில் நின்ற பெற்றோர் பார்த்தார்கள். நான் கையை ஜக்கெற் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டேன். "மேல போனவள். கீழ வந்தவள்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். நாளைக்குச் சனிக்கிழமை. நீரும் வேலைக்கு லீவு சொல்லிப்போட்டு என்னோட பாக்க வாரும்."